மாப்பிள்ளையின் இன்னொரு காது

என் முகத்தைப் பார்ப்பவர்கள் அதிலிருந்து தமிழ் வரும் என்று எதிர்பார்ப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. என் பெற்றோர் நேபாளத்து மலைக்காரர்கள். அப்பா சென்னை தியாகராய நகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேன். நான் பிறந்தது, ஓடியது, விழுந்தது, மாநகராட்சிப் பள்ளியில் செய்யுள் ஒப்பிக்காமல் உதை வாங்கியது எல்லாம் அங்கேதான். வீட்டுக்குள் நேபாளி, வாசற்படி தாண்டினால் தமிழ். எங்கள் வீடு லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் அறை என்பதால் வாசற்படியை அடிக்கடி தாண்ட வேண்டியிருந்தது. இன்றைக்கும் கோபம் வந்தால் எனக்குத் தமிழ் மட்டும்தான் வரும். கோபம் அடிக்கடி வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் உதவித்தொகையின் புண்ணியத்தில் கணக்கியல் படிக்க லண்டன் வந்தேன். வெம்பிளியில் பத்திரிகைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த 'அறை வாடகைக்கு' அட்டையைப் பார்த்து ஒரு வீட்டின் கதவைத் தட்டினேன். திறந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்ப்பவர். என்னை ஏற இறங்கப் பார்த்து ஆங்கிலத்தில் வரவேற்றார். மாடிப்படியில் நின்ற அவர் மனைவி, எனக்குப் புரியாது என்ற தைரியத்தில், சத்தமாகவே கணவரிடம் சொன்னார்.

"உவன் சீனனப்பா. பாம்பு, தவளையெண்டு என்ர அடுப்பில வைச்சுக் காய்ச்சினா நான் என்ன செய்யிறது?"

"அக்கா, எனக்கு சாம்பாரும் ரசமும்தான் வைக்கத் தெரியும்," என்றேன்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு நிதானத்துக்கு வந்ததும் அவருக்குப் புதுக் கவலை வந்தது. "சாம்பாரோ?" என்று கணவரைப் பார்த்தார். இந்தியச் சாம்பாரில் இனிப்பு போடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாம்பாக இருந்தாலும் உறைப்பாக வைத்தால் சமாளிக்கலாம், இனிப்புக் குழம்பை எப்படிச் சகிப்பது என்பது அவர் நிலைப்பாடு. கடைசியில் சமையலை அவரே பார்த்துக்கொள்வதாகவும் நான் பாத்திரம் கழுவுவதாகவும் முடிவாகி, அறை எனக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா, அவர் கணவர் அண்ணன்.

அந்த வீட்டுக்குப் போன பிறகு நான் ஒரு காட்சிப்பொருளானேன். சனி ஞாயிறுகளில் வருகிறவர்களுக்கெல்லாம் தேநீரும் வடையும் கொடுத்த பிறகு என்னைக் கீழே கூப்பிடுவார்கள். "தம்பி, ஒருக்கா கதையும்," என்பார் அண்ணன். நான் என்ன கிளியா என்று உள்ளே கொதிக்கும். ஆனாலும் வடைக்காக நாலு வார்த்தை பேசுவேன். ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஒருவர் தன் பிள்ளைகளையே கூட்டிவந்தார். ஆங்கிலத்தைத் தவிர வேறெதுவும் பேசாத அந்தப் பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, நேபாளக்காரன் கதைக்கிறான், உங்களுக்கு ஏலாதோ என்று திட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் என்னைக் கண்டால் நாக்கை நீட்டின. நானும் நீட்டினேன்.

சரி, நம் சொந்த சனம் என்று ஒன்று இருக்கிறதே என்று நேபாளிகளையும் தேடிப் போனேன். லண்டனில் அப்போது நேபாளி மாணவர்கள் மிகக் கொஞ்சம். தசைன் பண்டிகைக்கு ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்துக் கூடினார்கள். ஆசையாகப் போய் எல்லோரிடமும் வலியப் பேசினேன். ஒருவர் என் தோளைத் தட்டி, "நம்முடைய மொழியை நன்றாகவே பேசுகிறீர்கள், எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று நேபாளியில் பாராட்டினார். அந்தப் பாராட்டோடு வீட்டுக்கு வந்தவன், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அடுத்த ஆண்டு அக்காவின் தங்கை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வழியாக வந்து சேர்ந்தாள். தோர்ண்டன் ஹீத்தில் இருந்த ஒரு மாப்பிள்ளைக்கு நிச்சயமாகி வந்தவள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். என் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸே அவள் ஆங்கில வகுப்புக்கும் போகும் என்பதால், கூட்டிக்கொண்டு போய் விடுவது என் பொறுப்பானது. பஸ்ஸில் அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எதிரே இருக்கும் ஆட்களைப் பற்றி வாய் ஓயாமல் தமிழில் விமரிசனம் செய்வாள். யாராவது திரும்பிப் பார்த்தால், "அண்ணா, நீங்கள் சீனத்தில ஏதும் சொல்லுங்கோ," என்று என் மேல் பழியைப் போடுவாள். அண்ணா என்று அவளாகத்தான் கூப்பிட ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. நேபாளிகளுக்குத் தீபாவளியை ஒட்டி ஒரு நாள் உண்டு. அன்றைக்கு அக்கா தங்கைகள், அண்ணன் தம்பிகளை உட்காரவைத்து நெற்றியில் பல வண்ணத்தில் திலகமிட்டு மாலை போடுவார்கள். சென்னையில் மற்ற வாட்ச்மேன்களின் பையன்கள் எல்லாம் அன்று நெற்றியைக் காட்டிக்கொண்டு திரிவார்கள். நான் வெளியே வராமல் அறைக்குள்ளேயே இருப்பேன். எனவே பஸ்ஸில் அவள் முதல் தடவை அண்ணா என்றபோது, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சந்தோஷத்தில் என் முகம் இளித்துக்கொண்டிருந்தது, அதை அவள் பார்த்தால் கேலி செய்வாள் என்று பயம்.

தை மாதத்தில் கல்யாணம் குறித்தார்கள். யாழ்ப்பாணத்துக் கல்யாணத்தில் தோழன் என்று ஒருவர் வேண்டும். மணப்பெண்ணின் சகோதரன்தான் தோழன். அவன் தலைப்பாகை கட்டிக்கொண்டு மாப்பிள்ளையை அழைத்துவர வேண்டும், வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும், மணவறையில் அவன் பக்கத்திலேயே உட்கார வேண்டும். பிறகு தங்கையின் கையில் நெற்பொரி கொடுக்க, அவள் அதை நெருப்பில் இடுவாள். இவளுக்கும் ஓர் அண்ணன் இருந்தான். சுவிட்சர்லாந்தில் அகதியாகப் பதிந்திருந்தவனுக்கு லண்டன் வர விசா மறுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு நாள் அதிகம் இல்லை. அக்கா இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் மாற்றாள் தேட ஆரம்பித்தார்.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த ஆராய்ச்சியை நான் மறக்க மாட்டேன். லண்டனில் இருக்கும் கல்யாணமாகாத சொந்தக்காரப் பையன்களை ஒவ்வொருவராக எடுத்து அலசினார்கள். முதலாமவன் மாமன் மகன். மச்சான் முறை வருகிறவன், கட்டிக்கொள்ளும் உரிமை உள்ளவன், எப்படிச் சகோதரனாக நிற்பான்? தள்ளு. அடுத்தவன் சித்தியின் மகன், தம்பி முறை, பொருத்தமோ பொருத்தம். ஆனால் அவன் வீட்டில் யாரோ இறந்து துடக்கு, நல்ல காரியத்துக்கு வர முடியாது. தள்ளு. பெட்ரோல் நிலையத்தில் அண்ணனோடு வேலை செய்யும் பையன் உறவே இல்லை என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். அண்ணன் அவனிடமே தொலைபேசியில் துருவித் துருவிக் கேட்டு, அவன் தாய்வழியில் எங்கேயோ சுற்றிக்கொண்டு வந்து அவனும் மச்சான்தான் என்று கண்டுபிடித்து அறிவித்தார். அவர்கள் ஊரில் எந்த இரண்டு பேரையும் கொஞ்சம் நேரம் கொடுத்தால் மச்சானாக்கிவிட முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் திடீரென்று அடங்கியது. திரும்பிப் பார்த்தால், எல்லோரும் கதவருகே நின்று என்னையே பார்க்கிறார்கள். எந்தக் கிளையில் பிடித்து ஏறினாலும் மச்சானாக முடியாத ஒரே ஒருவன் அங்கே கையில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தான்.

"உங்களுக்கு வேறு வழி இல்லையென்றால் நிற்கிறேன், எனக்கொன்றும் இல்லை," என்று பெரிய மனது பண்ணுவதுபோலச் சொன்னேன். எனக்கொன்றும் இல்லையா? அன்றிரவே துண்டை எடுத்துத் தலைப்பாகை கட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். யாரோ என்னைத் தேடி வந்து, நீ இந்த இடத்தில் நில் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை.

அதற்கு இடைஞ்சலாக மாப்பிள்ளையின் பெரியம்மா வந்தார். தாயில்லாத மாப்பிள்ளையை லண்டனுக்குக் கூப்பிட்டு, தோர்ண்டன் ஹீத்தில் தன்னோடு வைத்து வளர்த்தவர். பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய கைப்பை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஏற்பாடு பேச வந்தவருக்கு நான்தான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் பிய்த்து ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். இவர்தான் தோழன் என்று அண்ணன் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு நான் தமிழ் பேசுவேன் என்று அறிந்ததும், யாழ்ப்பாணத்தவர்கள் யாரையும் முதலில் கேட்கும் கேள்வியை என்னிடமும் கேட்டார்: எந்தப் பகுதி? ஊரில் எந்தப் பகுதி என்று கேட்டு ஆளின் சாதியை எடைபோடுவது அவர்கள் வழக்கம். அது எனக்கு நன்றாகவே தெரியும். தி.நகர், பஸ் நிலையத்துக்கு வடக்குப் பகுதி என்றேன். அண்ணனுக்குப் புரையேறியது.

பெரியம்மா என்னை விட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார். பையன் நல்லவன்தான், தமிழும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கல்யாண வீடியோ ஊருக்குப் போகும், சனம் பார்க்கும், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு முகம் இருந்தால் ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவார்கள் என்று நீளமாகப் பேசினார். இதெல்லாம் என் முன்னாலேயே. வழக்கமாக எனக்கு வரவேண்டிய கோபம் அன்றைக்கு வரவில்லை. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறார்கள் என்று அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவோ ஒரு வடையை எடுத்து அந்த வாய்க்குள் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டைப் பகைக்க யாருக்குத் துணிவு வரும்?

மணப்பெண் அறையிலிருந்து வந்தாள். அவள் பேசியது மெதுவாகத்தான்.

"மாமி, நான் லண்டனில அண்ணா எண்டு கூப்பிடுற ஆள் ஒராள்தான். என்ர கையில பொரி தாறதெண்டா இவர் தரட்டும். இல்லாட்டி நான் பொரி போடேல்லை."

பொரி போடாத கல்யாணம் எப்படிக் கல்யாணமாகும் என்று பெரியம்மா யோசித்தார். யோசித்துவிட்டுத் தேநீரை எடுத்துக் குடித்தார். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

கல்யாணம் ஹாரோ பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பட்டு வேட்டிக்குக் கீழே கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாசலில் நான் குந்தி உட்கார்ந்து முதலில் அதை உரிக்க வேண்டியதாயிற்று. ஒன்று வந்தது, மற்றது வரவில்லை. இழுத்த இழுப்பில் மாப்பிள்ளை என் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். அக்கா கொடுத்த செம்பில் இருந்ததோ குழாய்த் தண்ணீர். அதை ஊற்றியதும் மாப்பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னார். ஐயர் காதில் விழாதவர்போல மந்திரத்தின் வேகத்தைக் கூட்டினார். காலைக் கழுவியதற்கு வழக்கப்படி மாப்பிள்ளை தோழனுக்கு மோதிரம் போட வேண்டும். அவர் விரல்கள் குளிரில் ஆடிக்கொண்டிருந்ததால் மோதிரத்தை நானே வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

வீடியோக்காரர் ரெய்னர்ஸ் லேன் ஆள். தோளில் பெரிய காமிராவைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க என்னிடம் வந்து, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் பின்னால், தலையைக் கொஞ்சம் குனியுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கலைஞர், ஏதோ கோணம் பார்க்கிறார் என்று நானும் வளைந்து கொடுத்தேன். பொரி கொடுக்கும் நேரம் வந்தபோது எனக்கு அவர் நினைவே இல்லை. அவள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். நான் சுளகிலிருந்து அள்ளிக் கொடுத்தேன். நான் அவசரப்பட்டதில் பாதி அவள் சேலையில் விழுந்தது. "அண்ணா, பாத்து," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகையால்தான் என்று பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அது நிஜமாகவே புகையால்.

இரண்டு வாரம் கழித்து வீடியோ கேசட் வந்தது. அக்கா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். முதல் அரைமணி நேரம் என் தலைப்பாகையின் பின்பக்கம் வந்தது. பிறகு என் முழங்கை வந்தது. மாப்பிள்ளை காலை நீட்டுகிறார், இரண்டு கைகள் கழுவுகின்றன, கைகளுக்கு மேலே ஆள் இல்லை. மணவறைக் காட்சி வந்ததும் அண்ணன் எழுந்து தொலைக்காட்சிப் பெட்டியைப் பக்கவாட்டில் தட்டிப் பார்த்தார். பெட்டியில் பழுதில்லை. நான் மாப்பிள்ளைக்கு ஒட்டியே உட்கார்ந்திருந்ததால், என்னை வெட்டப்போய் மாப்பிள்ளையிலும் ஒரு பாகம் வெட்டுப்பட்டிருந்தது. தாலி கட்டும்வரை அவர் ஒரு காது, ஒரு தோள், ஒன்றரைக் கண்ணோடு இருந்தார். மீதி இடத்தை ஒரு வாழைமரம் நிரப்பியது.

அண்ணன் வீடியோக்காரருக்குப் போன் போட்டுப் பிடித்தார். அவர் உடனே ஒப்புக்கொண்டார். தோழன்ர முகம் ஒரு இடத்திலயும் விழக்கூடாது எண்டு தோர்ண்டன் ஹீத் அம்மா சொன்னவ, நான் என்ன செய்ய என்றார். கேசட்டின் ஒரு பிரதியை அதற்குள் பெரியம்மாவே ஊருக்குப் போகும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டார் என்பதையும் சொன்னார். நான் மாடிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே வலித்தது. வேண்டாம் என்று அன்றே சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு தீர்ந்திருக்கும். நில் என்று சொல்லிவிட்டு, நின்றதை அழித்துவிட்டார்களே.

ஒரு மாதம் போயிருக்கும். மருத்துவத்துக்காகக் கொழும்புக்கு வந்து தங்கியிருந்த அக்காவின் அம்மா ஊருக்குப் போகும் வழியில் அங்கே வந்த கேசட்டைப் பார்த்திருக்கிறார். ஒரு ஞாயிறு காலை போன் வந்தது. அக்கா எடுத்தார். வாழ்த்து, நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. அந்தப் பக்கத்துக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. மாப்பிள்ளைக்கு மற்றக் காது இருக்கோ இல்லையோ?"

இருக்கம்மா என்றார் அக்கா. அம்மாவோ விடுவதாக இல்லை. படம் முழுக்க ஒரே பக்கத்தை மட்டும் காட்டுகிறீர்களே, அந்தப் பக்கத்தில் தீக்காயமா, கண்ணில் பழுதா, குறை உள்ள பையனை மறைத்துக் கட்டிவைத்துவிட்டீர்களா, கொழும்பில் கூடப் பார்த்த சனமெல்லாம் அதைத்தான் பேசுகிறது என்று பொரிந்து தள்ளினார். அக்கா வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. மறைத்தது மாப்பிள்ளையை இல்லை, தோழனை. தோழன் நேபாளத்துப் பையன். மாப்பிள்ளையின் பெரியம்மாதான் மறைக்கச் சொன்னார்.

அம்மா உடனே என்னைக் கூப்பிடச் சொன்னார். நான் ரிசீவரை வாங்கினேன்.

"தம்பி, என்ர பிள்ளைக்குப் பொரி குடுத்தது நீர்தானோ?"

"ஆமாம்மா. கொஞ்சம் கொட்டிட்டேன்."

"அது பறவாயில்லை. என்ர மகனுக்கு விசா குடுக்கேல்லை எண்டவுடன நான் எவ்வளவு அழுதனான் தெரியுமே. அவன்ர இடத்தில ஆர் நிண்டது எண்டு பாக்கத்தான் நான் படத்தைப் போட்டனான். நான் உம்மட முகத்தைப் பாக்கவேணும். ஒரு படம் எடுத்து அனுப்பும். மாப்பிள்ளையும் நிக்கட்டும், ரெண்டு காதோடையும்."

செய்தி அன்று மாலையே தோர்ண்டன் ஹீத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தன் வளர்ப்புப் பிள்ளைக்கு ஒரு காது இல்லை என்று கொழும்பில் பேச்சு என்றதும் பெரியம்மா ஆடிப்போய்விட்டார். அடுத்த சனிக்கிழமையே வெம்பிளியில் ஒரு குஜராத்திக்காரரின் ஸ்டூடியோவில் ஏற்பாடு செய்து, மாப்பிள்ளை, பெண், கல்யாண உடுப்பு, இரண்டு தலைப்பாகை எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. போகாமலே இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் படம் கேட்டது அவர் இல்லையே, அந்த அம்மா அல்லவா?

குஜராத்திக்காரர் விளக்குகளைச் சரிசெய்தார். மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிற்கவைத்தார். என்னை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு, இவர் யார், நண்பரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். யாரிடம் என்று இல்லை, பொதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் பெரியம்மா முந்திக்கொண்டார்.

"பிரைட்ஸ் பிரதர்," என்றார்.

குஜராத்திக்காரர் மணப்பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். பெரியம்மா அவரை ஒரு முறை முறைத்தார். அவர் காமிராவுக்குப் பின்னால் போய்விட்டார். பெரியம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து, என் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். நெற்றியில் வழிந்த வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைக்கும்போதும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"தம்பி, முகத்தை நல்லா நிமித்தும்," என்றார். "வடிவா விழவேணும்."

நிமிர்த்தினேன்.